ராச்சாப்பாட்டுக்கு மூன்று ஆலோசகர்கள்

1

நெதர்லாந்தைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும் சைக்கிள், மழை, சீஸ் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுவேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிடுவேன். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு நாடே சாப்பிட உட்காருகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான். திருவண்ணாமலையில் அந்த நேரத்துக்கு நாங்கள் தேரடித் தெருவில் போண்டாவுக்கு நின்றுகொண்டிருப்போம்.

விளையாட வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆறு மணி நெருங்கினால் தானாக எழுந்து ஷூ மாட்டிக்கொள்ளும். "இருந்து சாப்பிட்டுப் போம்மா" என்று நாம் சொல்லக்கூடாது. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். என் மகள் நிலாவின் தோழி லோட்டே, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா வாசலில் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை, வருத்தம். லோட்டேவுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு வீட்டில் காத்திருக்கிறதாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்காகச் சமைக்கும் ஊரில், ஒரு தலை வராமல் போனால் அது ஒரு சிறிய துக்கம்தான். என் டச்சு மொழியில் நான் கேட்ட மன்னிப்பு அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

இந்த ஆறு மணிப் பிரச்சினை இத்தனை வருடமும் என்னுடையதாக இருக்கவில்லை. என் மனைவி ரேவதி மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் வேலை பார்த்துவிட்டு, நாலரைக்கு வந்து, ஆறுக்குள் மேஜையில் ஏதாவது ஆவி பறக்க வைத்துவிடுவாள். என் பங்கு உட்காருவது. நான் மென்பொருள் சோதனை செய்பவன், அதாவது மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். சாப்பாட்டு மேஜையில் அதே சேவையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தேன்.

போன மாதம் பரிசோதனைக் கூடத்தின் மாலை ஷிஃப்டுக்குத் தலைமையாக இருந்தவர் வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் ரேவதி அந்த இடத்தில் இருந்து பார்க்கட்டும், பிடித்திருந்தால் பதவி அவளுக்கு என்றார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் மாலை வேலை. இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி ஒரு வாய்ப்பு வந்து, இரண்டு தடவையும் "பசங்க சாப்பாடு" என்ற இரண்டு வார்த்தையில் வேண்டாமென்று சொன்னவள் அவள். இந்தத் தடவையும் அதையேதான் சொல்லப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே, அந்த வேலையில் என்னவெல்லாம் மாற்றலாம் என்று கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் பேசினாள். கையை ஆட்டிப் பேசும் ரேவதியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வாயில் சப்பாத்தியோடு, "போயேன், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா?" என்றாள். எட்டு வயது மகன் அகிலன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

பிறகு நிபந்தனை போட்டாள். திங்கள் முதல் சனி வரை அவள் ஷிஃப்ட். ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டையும் நான்தான் செய்யவேண்டும், அவள் உட்கார்ந்து பார்ப்பாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் மேலாளருக்குப் பதில் சொல்லவேண்டும். "ஒரு நாள் ராத்திரி பசங்க ரொட்டியும் சீஸும் தின்னாங்கன்னு தெரிஞ்சாலும் நான் வேணாம்னு சொல்லிடுவேன். அப்புறம் இதப் பத்தி இந்த வீட்ல பேச்சே கூடாது."

2

எனக்கு அப்போது தெரிந்த சமையல், பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருப்பது. எனவே ஊரில் என்னோடு ப்ளஸ் டூ கணக்கு ட்யூஷன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கோரிக்கை வைத்தேன். ஆண்கள் உடனே உதவிக்கு வந்தார்கள். "ஆர்டர் பண்ணிடு மச்சி" என்று ஒருவன், "முட்டை இருக்கில்ல?" என்று இன்னொருவன், அழுது சிரிக்கும் மஞ்சள் முகங்கள் பதினைந்து.

பெண்கள் மூன்று பேர் அந்தப் பக்கமே வராமல், என்னை இழுத்துத் தனியாக ஒரு குழு ஆரம்பித்தார்கள். குழுவுக்குப் பெயர் "அடுப்படி". ஆரம்பித்தவள் அமுதா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை, வீடும் அங்கேயே புது நகரில். எதையும் ஃபைலாகப் பார்ப்பவள். இரண்டாவது கௌரி. பெரிய கோயிலில் பூஜை செய்யும் குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்கணக்கு போட்டுக் கொடுத்தவள். மூன்றாவது மல்லிகா. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி மெஸ் நடத்துகிறாள். அவளிடம் சாப்பிடுபவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள்.

முதல் நாள் வீடியோவில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். எனக்குச் சாயங்காலம் ஐந்து என்றால் அவர்களுக்கு எட்டரை. அங்கே சமையல் முடிந்து பாத்திரம் கவிழ்க்கும் நேரம், இங்கே நான் பாத்திரத்தைத் தேடும் நேரம். யோசித்துப் பார்த்தால் ஏற்பாடு பிரமாதம். அவர்கள் அன்றைக்குச் செய்து, ருசி பார்த்து, குறை நிறை தெரிந்ததை நான் அதற்குப் பிறகு செய்தால் போதும்.

ஆனால் பட்டியல் போடுவதற்குள் மூன்று பேருக்கும் சண்டை வந்துவிட்டது. ராத்திரியில் டிபன்தான் என்றாள் கௌரி. மத்தியானம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காய்ந்த ரொட்டியைத் தின்கின்றன, ராத்திரிதான் சோறு போடவேண்டும் என்றாள் மல்லிகா. இரண்டையும் கலந்து மாற்றி மாற்றி வைக்கலாம், முதலில் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்றாள் அமுதா. உருளைக்கிழங்கையும் கீரையையும் மசித்து மேலே ஒரு பள்ளம் பறித்துக் குழம்பு ஊற்றும் இந்த நாட்டு உணவு பிடிக்கும் என்று தெரிவித்தேன்.

"மசிச்சா?" என்றாள் அமுதா. "யாருக்குடா ஒடம்பு சரியில்ல?"

"அவங்க ஊர்ல அப்படித்தாண்டி," என்றாள் மல்லிகா. "எங்க மெஸ்ல வந்து அந்த ஊர்க்காரங்க வெண்பொங்கல ரெண்டு வாட்டி வாங்கி சாப்புட்றாங்க. கையாலதான். இவன் புள்ளைங்க இட்லிய ஃபோர்க்கால குத்துதுங்களாம்."

கடைசியில் ஒப்புதலான பட்டியல்: திங்கள் ரவை உப்புமா, செவ்வாய் ரசமும் உருளைக்கிழங்கு பொரியலும், புதன் அடை, வியாழன் மல்லிகா மெஸ்ஸில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே போடும் சீஸ் ஊத்தப்பம். வெள்ளிக்கு என்ன என்பதை வெள்ளியன்று பார்க்கலாம், அன்றைக்குப் பௌர்ணமி, எங்களுக்குக் கை ஓயாது என்றார்கள். நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனின் கடைக்குப் போய், பட்டியலில் இருந்ததையும் பயத்தில் இல்லாததையும் வாங்கிவந்தேன்.

3

திங்கட்கிழமை உப்புமா ஒரே துண்டாக வந்தது. கேக் மாதிரி வெட்டிக் கொடுத்தேன். அகிலன் பிறந்தநாளா என்று கேட்டான். குழுவில் கேட்டார்கள், "சூப்பர்" என்று போட்டேன். செவ்வாய் ரசத்தில் புளி ஜாஸ்தி. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் ஒரு கண் மூடிக்கொண்டது. அதற்கும் "சூப்பர்". புதன் அடை. அதைப் பற்றி எழுத என் வழக்கறிஞரைக் கேட்கவேண்டும். அன்றைக்கு "சூப்பரோ சூப்பர்".

ரேவதிக்குச் செய்தி போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். அமுதாவும் ரேவதியும் தனியாகப் பேசிக்கொள்வார்கள். நான் தடுமாறுகிறேன் என்று தெரிந்தால் ரேவதி திங்கட்கிழமைக்குக் காத்திராமல் மேலாளருக்கு ஃபோன் போட்டுவிடுவாள். அந்த வாரத்தில் வேலை முடித்து வரும்போதெல்லாம் அவள் முகம் களைத்திருந்தது, ஆனால் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தபிறகு அடை கருகியது என்று எவன் சொல்வான்?

சொன்னது என் மகள். நிலாவுக்குப் பதின்மூன்று வயது. தம்பியோடு டச்சு, தோழிகளோடு டச்சு, கனவிலும் அதுதான் என்று நினைக்கிறேன். தமிழ் அவளுக்குத் திட்டு வாங்கும் மொழி. நாங்கள் தமிழில் கேட்டால் டச்சில் பதில் வரும், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. அந்தப் புதன்கிழமை நான் அடைக்கல்லை ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மேடைமேல் கிடந்த என் ஃபோனில் மல்லிகாவின் குரல் வந்தது, அடை எப்படிடா வந்துச்சு என்று. தண்ணீர் குடிக்க வந்த நிலா மைக்கை அழுத்தினாள்.

"அத்தை, அப்பா பொய் சொல்றான். அடை கருப்பு. நாங்க ஆப்பிள் சாப்ட்டோம்."

அடையின் படமும் போனது. ஊரில் மூன்று வீடுகளில் சிரித்தது இங்கே கேட்டிருக்கும். அப்பாவை அவன் இவன் என்று பேசியதற்கு நான் திருத்தப்போனேன். மல்லிகா முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இருடா. கண்ணு, நீ சொல்லும்மா. அடுப்ப எவ்ளோ வெச்சான் உங்கப்பன்?"

நிலா அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் போகாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தமிழும் டச்சும் கையுமாக எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தாள். மாவு எவ்வளவு கெட்டி, எண்ணெய் எவ்வளவு கம்மி, நடுவில் நான் அலுவலக அழைப்பில் பேசப் போனது வரை. அமுதா இடைமறித்து, இந்த விஷயம் இப்போதைக்கு ரேவதி காதுக்குப் போகாது, ஆனால் இனிமேல் அறிக்கை பாப்பாவிடமிருந்துதான் வரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

வியாழன் ஊத்தப்பம் வட்டமாக வந்தது. நிலா பக்கத்தில் நின்று "இப்ப திருப்பு" என்றாள், அதனால். படம் போனது. மல்லிகா ஒரு கட்டைவிரல் போட்டாள். என் திருமணப் பத்திரிகைக்குக்கூட அவள் இவ்வளவு செய்யவில்லை.

4

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிட்டபோது திரை முழுக்க ஆவி. பௌர்ணமியன்று மல்லிகா மெஸ்ஸுக்கு முன்னால் அடுப்பு போட்டு, கிரிவலம் போகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பாள். அமுதாவும் கௌரியும் வந்து கை கொடுப்பார்கள். யார் எத்தனை பேர் வருவார்கள் என்று எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் யோசிப்பதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் பௌர்ணமி ராத்திரி கதவு சாத்தியதில்லை. திருக்கோவிலூரிலிருந்து வந்த அத்தை பாதி தூரத்தில் சந்தித்த யாரோ நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள், அம்மா எதுவும் கேட்காமல் தட்டு எடுப்பாள்.

இன்றைக்கு என்ன செய்யட்டும் என்று கத்திக் கேட்டேன். சாம்பார் சாதம் என்றாள் மல்லிகா, கரண்டியை நிறுத்தாமல். அளவு கேட்டேன். பின்னால் மைக்கில் யாரோ செருப்பை ஓரமாக விடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு படி அரிசி, அரைப் படி பருப்பு. காய் எது இருக்கோ போடு. அதுக்குக் கம்மியா போட்டா நல்லாருக்காது."

எனக்குப் படி தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது, அதில் கோலி போட்டு வைத்திருந்தேன். கோலி எத்தனை கிலோ என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குத்துமதிப்பாகப் பை அரிசியில் பெரும்பகுதியைப் போட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வாரத்தில் நான் கற்ற ஒரே பாடம், என் சொந்த மூளையை நம்பாதே என்பது. அதுவுமல்லாமல் பச்சையாக இருக்கும்போது அரிசி மிகவும் அடக்கமான பொருள்.

வெந்தபிறகு அது அடக்கத்தை விட்டுவிட்டது. குக்கரிலிருந்து பாஸ்தா பானைக்கு மாற்றினேன். பாஸ்தா பானையிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் எல்லாப் பாத்திரத்துக்கும் மாற்றினேன். சாம்பாரைச் சேர்த்துக் கிளறியதும் இன்னும் வளர்ந்தது. அகிலன் தன் மணல்வாளியைக் கொண்டுவந்து கொடுத்தான். வாசனை மட்டும் சரியாக இருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

நிலா கேமராவைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பௌர்ணமியன்று கேட்டால் பௌர்ணமி அளவுதான் வரும் என்பது எங்கள் ஊரில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொன்னவளுக்கும் நாலு பேர் வீடு என்பது ஞாபகம் வரவில்லை, கேட்டவனுக்கும் வரவில்லை.

"மீந்தா இன்னா இப்ப," என்றாள் மல்லிகா. "வெளிய வெச்சு போடு."

யாருக்குப் போடுவது என்று கேட்டேன். இங்கே மலையே கிடையாது, யாரும் எதையும் சுற்றமாட்டார்கள், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பதே குற்றம்.

"மலை இல்லன்னா பசிக்காதா அவங்களுக்கு?" என்றாள் கௌரி. "போடா, போய்க் கூப்பிடு."

நான் தயங்கி நின்றேன். நிலா ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஊர்ப் பேச்சைத் தெருவில் பேசினால் பத்தடி தள்ளி நடக்கும் பெண். தம்பியை இழுத்துக்கொண்டு போய், எங்கள் வரிசை வீடுகளில் ஒவ்வொரு மணியாக அடித்தாள்.

ஆறு மணி தாண்டிவிட்டது, எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள், யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் லோட்டேவும் அவள் அம்மாவும் வந்தார்கள். பிறகு மூலை வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். பிறகு பெயரே தெரியாமல் பல வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பதி, கையில் சொந்தத் தட்டோடு. எத்தனை மணி வரை இருக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். தீரும் வரைக்கும் என்றேன். யாருக்குப் பிறந்தநாள் என்றார் லோட்டேவின் அம்மா. யாருக்கும் இல்லை, இன்றைக்கு முழுநிலா என்றேன். எல்லோரும் மரியாதையாக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். வழக்கம்போல மேகம்.

தபால்காரர் இரண்டாம் முறை கேட்டார். ஸ்பூன் போதவில்லை. மெஸ்ஸில் எல்லோரும் கையாலேயே சாப்பிடுகிறார்கள் என்று நிலா அவர்களுக்கு விளக்கி, விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் மல்லிகா, "அந்தப் பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் வெய்யி கண்ணு, பாரு தட்டயே பாக்குறாரு" என்று அங்கிருந்தே பந்தி விசாரித்தாள். நிலா, "வெக்கிறேன் அத்தை" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு வைத்தாள். நான் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன்.

அப்போதுதான் இடைவேளையில் ரேவதி கூப்பிட்டாள். நான் ஃபோனை மூடுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். தெருவில் பாதி எங்கள் வீட்டுக்குள், மகன் சோபாக் கைப்பிடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், மணல்வாளியில் சோறு.

"ஏங்க, என்ன நடக்குது அங்க?"

பௌர்ணமி என்றேன். இடைவேளை முடிந்தது என்று அவள் வைத்துவிட்டாள். அந்த வேகத்தில் எனக்குப் பதவி போய்விட்டது போல இருந்தது. போவது அவள் பதவி என்பது பிறகுதான் உறைத்தது.

5

சனிக்கிழமை மிச்ச சாம்பார் சாதம். அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் நான் யாரையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி மேஜையில் உட்கார்ந்தாள். வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும். கௌரி சொன்னது, நிலா எழுதிக்கொண்டது, நான் கிளறியது. மிளகு கொஞ்சம் தூக்கல், மற்றபடி உண்ணத்தக்கது. ரேவதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாள், தட்டை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் என்றாள். இத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் தட்டை நீட்டி நான் பார்த்ததில்லை. வைத்தேன். கரண்டி கொள்ளுமட்டும் அள்ளியதில் அதிகமாக விழுந்துவிட்டது. அதையும் சாப்பிட்டாள்.

திங்கள் காலையில் கூடத்தில் நின்று மேலாளருக்கு ஃபோன் செய்தாள். நான் சமையலறையில் காப்பியைக் கலக்கிக்கொண்டே காதை அனுப்பிவைத்தேன். அவள் டச்சு என்னுடையதைவிடப் பல மடங்கு நல்லது, அதனால் பாதிதான் புரிந்தது. வாரம் நன்றாகப் போனது என்றாள். சில ஏற்பாடுகளை மாற்றவேண்டும் என்றாள். நடுவில் அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும், பிள்ளைகளை மாலையில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. ரேவதி என் பக்கம் திரும்பினாள்.

"என் கணவர்," என்றாள் டச்சில். அந்த மொழியில் நான் இதற்கு முன்பு அத்தனை உயரமாக இருந்ததில்லை.

ஃபோனை வைத்தாள். "சரின்னு சொல்லிட்டேன். மாசத்துல ஒரு வாரம். மானத்தக் காப்பாத்துங்க." சொல்லிக்கொண்டே கையை ஆட்டியதில் காப்பி கொஞ்சம் தரையில் போனது.

உடனே இந்தச் செய்தியை "அடுப்படி"யில் போட ஓடினேன். குழுவைத் திறந்தால், நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று இருந்தது. முந்தின ராத்திரியே தூக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நிலாவிடம் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், அந்தக் குழுவில் இப்போது தான் இருப்பதாகவும், அடுத்த ஷிஃப்ட் வாரத்துக்கு வியாழன் வரைக்கும் முடிவாகிவிட்டது என்றும் சொன்னாள். என்ன முடிவாகியிருக்கிறது என்று கேட்டேன். அது நேரம் வரும்போது தெரிவிக்கப்படுமாம். அமுதாவின் சாயல் இவ்வளவு சீக்கிரம் ஒட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அமுதாவுக்கு ஃபோன் செய்து நியாயம் கேட்டேன். அலுவலக நேரம், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"உம் பொண்ணு உண்மைய சொல்றா. நீ எதுக்குடா குரூப்புல?"

"சமைக்கிறது நான்தானே அமுதா?"

"சமைக்கிறவன் சமைக்கணும். போய் வெங்காயத்த உரி."

உரித்துக்கொண்டே இதை ஒரு விரலால் தட்டச்சு செய்கிறேன். எங்காவது எழுத்து வழுக்கியிருந்தால் வெங்காயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.